மலைத் தானியம் மலைச் சமையலறைக்கு வந்தால்: கினோவாவைக் கழுவுவது முதல் ரொட்டி சுடுவது வரை

கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, துணிமணிகளுக்கு நடுவே ஒரு கினோவாப் பக்கெட்டையும் வைத்துக் கொண்டுவந்தான். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்த ஆண்டு அது. “சோற்றுக்குப் பதிலாக இதைச் சாப்பிடுங்கள் அம்மா” என்று கையில் கொடுத்தான். பக்கெட்டின் பின்புறம் எழுதியிருந்தபடி ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துப் பதினைந்து நிமிடம் அவித்தேன். வாயில் வைத்ததும் சவர்க்காரம் பட்டதுபோல ஒரு கசப்பு. மென்றால் நடுவில் நறுக்கென்று வேகாத பருக்கை. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “எனக்குக் குரக்கன் ரொட்டியே போதும்” என்று தட்டை நகர்த்திவிட்டார்.

பிழை தானியத்தில் இல்லை. நான் அதைக் கழுவவில்லை, நாங்கள் இருக்கும் நுவரெலியாவின் உயரத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த இரண்டையும் திருத்திய பிறகு இன்று எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாளாவது கினோவா ஏதாவது ஒரு வடிவில் அடுப்பேறுகிறது. மலையகத்தில் முதன்முதலாக ஒரு பக்கெட்டை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது என்ன பொருள்?

பார்ப்பதற்குக் குரக்கனைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான மணி. ஆனால் நெல், கோதுமை, குரக்கன் போலப் புல் இனத்தில் விளைவதல்ல. தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்துச் செடியின் விதை இது. கீரையை அறுக்காமல் விட்டால் நுனியில் கொத்துக் கொத்தாக விதை கட்டுமல்லவா, அதை மனதில் வைத்துக்கொண்டால் கினோவாக் கதிர் எப்படியிருக்கும் என்று புரிந்துவிடும். விதையானாலும் தானியத்தைப் போலவே அவித்தும் அரைத்தும் உண்பதால் தானியங்களோடு சேர்த்துப் பேசுகிறோம்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா ஆகிய நாடுகளில், டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிடுகிறார்கள். அந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டிலேயே உயர்ந்த பீதுருதாலகால மலையின் உச்சி 2,524 மீட்டர்தான் என்பதை வைத்து அந்த உயரத்தை அளந்துகொள்ளலாம். உருளைக்கிழங்கும் முதலில் பயிராக்கப்பட்டது அதே மேட்டுநிலத்தில்தான். அங்கிருந்து உலகம் சுற்றி வந்த கிழங்கு இன்று வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் சொந்தப் பயிராகிவிட்டது. அதே மண்ணின் இன்னொரு விளைச்சல் நம் அடுப்புக்கு வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2013ஆம் ஆண்டைச் சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகே நம் பக்கத்துக் கடைகளிலும் இந்தப் பெயர் பரவலாகக் காதில் விழத் தொடங்கியது.

பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தீஸ் மக்கள் இதைக் ‘கின்வா’ என்பதுபோலச் சொல்கிறார்கள். தமிழில் கினோவா, கீன்வா, குயினோவா என்று பலவாறாக எழுதுகிறோம்; சீமைத்தினை என்பாரும் உண்டு. இந்தக் கடைசிப் பெயரைக் கேட்டுவிட்டுத் தினையும் இதுவும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. தினை புல் இனத்துச் சிறுதானியம். அதற்குத் தண்ணீர் அளவும் வேறு, வேகும் நேரமும் வேறு. தினைக்கு எழுதிய செய்முறையைக் கினோவாவுக்கு வைத்தால் சமையல் கெடும்.

என்ன சத்து, எவ்வளவு?

அவிக்காத கினோவா 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் புரதம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 7 கிராம் அளவில்தான் இருக்கும். அளவைவிடத் தரம் முக்கியம்: நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் கினோவாவில் உண்டு. அவற்றில் ஒன்றான, அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் இதில் நல்ல அளவில் கிடைக்கிறது. நார்ச்சத்து 7 கிராம், இரும்பு நான்கரை மில்லிகிராம் அளவு, மக்னீசியமும் தாராளம். கோதுமையில் உள்ள குளூட்டன் இதில் இல்லை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய உதவி.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புரதம் மட்டும்தான் வேண்டுமென்றால் மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவில் இருக்கிறது, விலையும் குறைவு. சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றால் நாம் உண்ணும் தானியங்களில் குரக்கனை எதுவும் வெல்லாது: 100 கிராம் குரக்கனில் சுமார் 340 மில்லிகிராம்; கினோவாவில் 50க்கும் குறைவு. ஆகவே கினோவா வாங்குவதற்காகக் குரக்கனையும் பருப்பையும் பயற்றையும் நிறுத்துவது நட்டம். இறக்குமதிப் பொருளாதலால் அரிசியைவிடப் பல மடங்கு விலை. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வீட்டில் சோற்றுக்குப் பதிலாக இதைத் தினமும் அவிக்கச் சொல்வது நியாயமான யோசனை அல்ல. நம்முடைய சோற்றிலும் ரொட்டியிலும் கஞ்சியிலும் ஒரு கைப்பிடி சேர்ப்பதுதான் நான் கண்ட வழி. ஒரு பக்கெட் மாதக்கணக்கில் வரும். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கினோவாவிலும் மாச்சத்து இருக்கிறது. ஒரு கோப்பை அவித்ததில் ஏறக்குறைய 40 கிராம். வெள்ளைச் சோற்றைவிட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மை. ஏற்றவே ஏற்றாது என்பது பொய். அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும். மாத்திரையை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும்போது

வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறங்களில் கிடைக்கும். முதல்முறை வெள்ளையையே வாங்குங்கள். சீக்கிரம் வெந்து மென்மையாகும், சோற்றோடு கலந்தால் வித்தியாசம் அதிகம் தெரியாது. சிவப்பும் கறுப்பும் வெந்த பிறகும் மொறுமொறுவென்று நிற்கும். நேரமும் கூடுதலாக எடுக்கும். சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் தேடினால், ஓட்ஸ் அடுக்கியிருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

பக்கெட்டைத் திருப்பிக் காலாவதித் திகதியைப் பாருங்கள். நம் பக்கத்தில் இது வேகமாக விற்றுப்போகும் பொருள் அல்ல. தட்டில் நெடுநாள் கிடந்திருக்கலாம். கினோவாவில் எண்ணெய்ச் சத்து அரிசியைவிட அதிகம் என்பதால் பழசானால் சிக்கு வாடை அடிக்கும். 250 கிராம் சிறு பக்கெட் இருந்தால் அதுவே போதும்.

கழுவுவதுதான் பாதிச் சமையல்

கினோவா மணியின் மேல்தோலில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. பறவைகளும் பூச்சிகளும் தின்னாமல் செடி தன் விதைக்குப் போட்டுக்கொண்ட காவல் அது. தண்ணீர் பட்டால் சவர்க்காரம் போல நுரைக்கும், நாக்கில் பட்டால் கசக்கும், சிலருக்கு வயிற்றையும் புரட்டும். கடைக்கு வரும் கினோவா பெரும்பாலும் ஏற்கெனவே கழுவி உலர்த்தியதுதான். பக்கெட்டிலும் அப்படி எழுதியிருக்கும். அதை நம்பிக் கழுவாமல் போட்டதுதான் நான் செய்த முதல் பிழை. எந்தப் பக்கெட்டானாலும் கழுவிவிடுங்கள்.

அரிசி அரிப்பதுபோல அரிக்க முடியாது. மணி அவ்வளவு சிறியது, இலேசானது. தண்ணீரைச் சாய்த்தால் கூடவே போய்விடும். அரிசி வடிக்கும் கூடையின் கண்ணிலும் நழுவி விழும். நம் வீடுகளில் இதற்குத் தோதான கருவி ஏற்கெனவே இருக்கிறது: தேநீர் வடிகட்டி. தூள் கூட இறங்காத நெருக்கமான கம்பிவலை வடிகட்டி என்றால் சிறப்பு. ஒரு கோப்பைக்கு மேல் கழுவ வேண்டுமானால் பழைய வேட்டித் துணித் துண்டொன்றைச் சட்டியின் வாயில் கட்டி வடிக்கலாம்.

முதலில் ஒரு சட்டியில் கொட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு நிமிடம் தேயுங்கள். தண்ணீர் கலங்கி நுரை எழும். வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மூன்றாம் நான்காம் தண்ணீரில் நுரை அடங்கும். மார்கழி, தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்கவைக்கும் என்பதால் நான் சற்று வெதுவெதுப்பான தண்ணீர் கலந்துகொள்வேன். கடைசியாக ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கசப்பு இருந்தால் இன்னொரு தண்ணீர். இல்லையென்றால் அரைமணி நேரம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். ஊறவைத்தால் மிச்சக் கசப்பும் இறங்கும், மலையுயரத்தில் சீக்கிரம் வேகவும் உதவும். கண்ணில் பட்ட சிறு கல்லையும் தூசியையும் இந்த நேரத்தில் எடுத்துவிடலாம்.

அவிப்பது: உயரத்தைக் கேட்டு அடுப்பை வையுங்கள்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96. பதுளையிலும் கண்டியிலும் 98 அளவில். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கே சூடு குறைவு. பருப்பும் கடலையும் நுவரெலியாவில் நேரமெடுத்து வேகும் காரணம் இதுதான் என்பது அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரியும். பக்கெட்டில் அச்சிட்ட பதினைந்து நிமிடம் சமவெளிக்காரர்களுக்கு எழுதியது.

பதுளையில் இருக்கும் என் அக்காவும் நானும் ஒரே பக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்து அவித்துப் பார்த்தோம். அவருக்குப் பதினாறு நிமிடத்தில் வெந்தது. எங்கள் வீட்டில் இருபத்திரண்டு நிமிடம் ஆனது, கால் கோப்பைத் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆகவே அளவை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்டி, பதுளை உயரத்தில் ஒரு கோப்பை கினோவாவுக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர், பதினைந்து முதல் பதினேழு நிமிடம். ஹட்டன், பண்டாரவளையில் அதே தண்ணீர், பதினெட்டு முதல் இருபது நிமிடம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இரண்டேகால் கோப்பை, இருபது முதல் இருபத்திமூன்று நிமிடம். ஊறவைத்ததாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் குறையும். கினோவாவையும் தண்ணீரையும் ஒரே கோப்பையால் அளந்தால் போதும். எந்தக் கோப்பை என்பது பொருட்டல்ல.

அடிகனமான சட்டியில் அரைக் கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, வடித்த கினோவாவைப் போட்டு இரண்டு நிமிடம் வறுங்கள். ஈரம் வற்றி, வறுத்த கச்சானை நினைவூட்டும் ஒரு மணம் வரும். இதைச் செய்யாமலும் அவிக்கலாம். செய்தால் சுவை வேறு. பிறகு தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிடுங்கள். விறகடுப்பென்றால் எரியும் கட்டையை இழுத்துவிட்டுத் தணலில் விடலாம். தணலின் சீரான சூடு கினோவாவுக்கு மிகப் பொருத்தம். நடுவில் திறந்து கிண்டிக்கொண்டிருந்தால் குழைந்துவிடும்.

வெந்ததற்கு அடையாளம் மிகத் தெளிவானது. மணி கண்ணாடிபோலத் தெளிந்து, அதைச் சுற்றியிருந்த முளை ஒரு சிறிய வெள்ளை வாலாகச் சுருள் பிரிந்து நிற்கும். வால் தெரியாவிட்டால் இன்னும் வேகவில்லை. தண்ணீர் வற்றியும் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கால் கோப்பை சுடுதண்ணீர் தெளித்து மறுபடி மூடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியபடியே விட வேண்டும். பின்பு முள்ளுக்கரண்டியால் மெதுவாகக் கிளறிவிட்டால் உதிரி உதிரியாக வரும். ஒரு கோப்பை மூன்று கோப்பையாகப் பொலியும்.

பிரஷர் குக்கர் இருப்பவர்களுக்கு உயரம் ஒரு தடையே அல்ல. உள்ளே அழுத்தம் ஏறுவதால் நுவரெலியாவிலும் தண்ணீர் 110 பாகையைத் தாண்டும். ஒன்றுக்கு ஒன்றரைத் தண்ணீர், ஒரு விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்தால் போதும். ரைஸ் குக்கரிலும் வைக்கலாம். மேலே சொன்ன தண்ணீர் அளவுதான்.

முதல் வாரம் சோற்றோடு

கினோவாவைத் தனியாகத் தட்டில் போட்டுக் கறி ஊற்றிக் கொடுத்தால் வயதானவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கினோவா என்று கலந்து தொடங்குங்கள். வெள்ளைப் பச்சரிசி என்றால் இரண்டையும் ஒன்றாகவே உலையில் போடலாம். வேகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் நேரமெடுக்கும் என்பதால் அரிசி பாதி வெந்த பிறகு கினோவாவைச் சேர்க்க வேண்டும். கஞ்சி வடிக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தச் சோற்றை மட்டும் வடிக்காமல் தண்ணீரை அளந்து வையுங்கள். வடித்தால் விலைகொடுத்து வாங்கிய மணியில் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும்.

பருப்புக் கறியும் போஞ்சிப் பொரியலும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் இந்தச் சோற்றுக்குச் சரியாக இருக்கும். தண்ணீராக ஓடும் ரசத்தைவிடக் கெட்டியான குழம்பே நல்லது. கினோவா குழம்பை அரிசி அளவுக்கு உறிஞ்சாது.

ரொட்டி

எங்கள் வீட்டில் கினோவா வென்றது ரொட்டியில்தான். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மலையகத்து உழைப்பாளர்களின் உணவு. விடியற்காலையில் சுட்டு, கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டிக்கொண்டு போவது. வயிறு நிறையும். புரதமும் நார்ச்சத்தும் அதில் போதாது என்பதை மறுக்க முடியாது. அந்த ரொட்டியை மாற்றாமல் அதற்குள்ளேயே கொஞ்சம் பலம் வைப்பதற்குக் கினோவா உதவுகிறது.

இரண்டு கோப்பை கோதுமை மா, முக்கால் கோப்பை அவித்து ஆறிய கினோவா, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு. முதலில் தண்ணீர் விடாமல் எல்லாவற்றையும் கையால் பிசறுங்கள். கினோவாவிலும் தேங்காய்ப்பூவிலும் ஈரம் இருப்பதால் வழக்கமாக விடும் தண்ணீரில் பாதிதான் தேவைப்படும். நான் முதலில் பழக்கத் தோஷத்தில் முழுத் தண்ணீரையும் விட்டு, மா கையோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, இருபது நிமிடம் மூடிவையுங்கள். குளிரில் மா இறுகும். அடுப்பின் ஓரத்தில் வைத்தால் இளகி நிற்கும்.

ஆறு ஏழு உருண்டைகளாக்கி, வழக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பாகத் தட்டுங்கள். மெல்லியதாகத் தட்டினால் கினோவா மணி உள்ள இடத்தில் கிழியும். ரொட்டிக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு தீயைக் குறைத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் சுடுங்கள். வெளியே படும் மணிகள் பொரிந்து மொறுமொறுப்பாகும். கட்டசம்பலோடு சாப்பிட்டால் அதன் அருமை தெரியும். மத்தியானம் வரை கட்டிவைத்தாலும் சாதா ரொட்டி போலத் தோலாகாமல் மெதுவாக இருக்கிறது என்று தோட்டத்துக்கு எடுத்துப்போகும் என் சித்தி சொன்னார். கினோவாவில் உள்ள ஈரம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு கோப்பை கோதுமை மாவும் ஒரு கோப்பை குரக்கன் மாவுமாகப் போடுங்கள். அம்மாவுக்கு இப்போது இந்த ரொட்டிதான். குரக்கனின் சுண்ணாம்புச் சத்தும் கினோவாவின் புரதமும் ஒரே கல்லில் வெந்துவிடுகின்றன.

உப்புமா, சூப், கஞ்சி

உப்புமாவுக்குக் கடுகு, உளுத்தம்பருப்பு, செத்தல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக வெட்டிய லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் வதக்கி, தனியாக அவித்து ஆறவைத்த கினோவாவைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. ரவை உப்புமா போலத் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் தூவக் கூடாது. மரக்கறி குழைந்துபோகும் வரை கினோவா வேகாது. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி பிழியுங்கள்.

சூப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தீஸ் மலையில் கினோவாவை உருளைக்கிழங்கோடு சூப்பாக வைத்துக் குடிப்பது வழக்கம். குளிருக்கும் உழைப்புக்கும் ஏற்ற உணவு என்பதால் நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நான்கு பேருக்கு அரைக் கோப்பை கழுவிய கினோவா, சதுரமாக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கரட், ஒரு லீக்ஸ், நான்கு பல் பூண்டு. லீக்ஸையும் பூண்டையும் சிறிது எண்ணெயில் வதக்கி, மற்றவற்றைப் போட்டு ஐந்து கோப்பைத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். லீக்ஸ் இலைகளின் இடுக்கில் மண் ஒளிந்திருக்கும், நெடுக்காகப் பிளந்து கழுவுங்கள். கிழங்கு உடையத் தொடங்கும்போது சூப் தானாகத் தடிக்கும். உப்பும் நிறைய மிளகுத் தூளும் போட்டு இறக்குங்கள். மழை விடாமல் பெய்யும் ஆடி மாத இரவில், பனியில் நனைந்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாட்டை நான் சமைத்ததில்லை. விரும்பினால் கடைசியில் கால் கோப்பைத் தேங்காய்ப்பால் விடலாம். விட்டபின் கொதிக்கவிடக் கூடாது.

கஞ்சிக்கு ஒரு பங்கு கினோவாவுக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்துக் குழைய அவித்து, மத்தால் கடைந்து, பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்க்க வேண்டும். வல்லாரைச் சாறு கலந்து இலைக்கஞ்சியாகவும் வைக்கலாம். பல் இல்லாதவர்களுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் ஏற்றது. அதே கஞ்சியில் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் போட்டால் பாயாசமாகும். பசும்பால் விட்டிருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே கருப்பட்டியைச் சேருங்கள், இல்லாவிட்டால் திரியும்.

தோசை

ஒரு கோப்பை கினோவா, ஒரு கோப்பை பச்சரிசி, அரைக் கோப்பை உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம். தனித்தனியாக ஆறு மணி நேரம் ஊறவைத்து அரைத்துக் கலக்குங்கள். சமவெளியில் ஒரு இரவில் பொங்கும் மா நுவரெலியாக் குளிரில் அடுத்த நாள் மத்தியானம் வரை எடுத்துக்கொள்ளும். அணைத்த அடுப்பின் சூட்டோரத்தில், பழைய கம்பளித் துணியால் சுற்றி வைத்தால் விரைவாகும். கினோவாத் தோசை சாதாரணத் தோசையைவிடச் சீக்கிரம் சிவக்கும், தீயைக் கூட்டக் கூடாது.

தேநீரும் இரும்பும், இன்னும் சில கவனங்கள்

சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தேயிலையில் உள்ள டானின் உணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ளாமல் தடுக்கும். இரத்தச்சோகைக்காகக் கினோவாவும் கீரையும் தேடிச் சாப்பிட்டுவிட்டு உடனே சாயம் கூடிய தேநீரைக் குடித்தால் பாதிப் பலன் வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய், கொய்யா, தோடம்பழம் எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். உப்புமாவில் தேசிக்காய் பிழியச் சொன்னதற்குச் சுவை மட்டும் காரணமல்ல.

சிறுநீரக நோய் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் கினோவாவைத் தொடங்க வேண்டாம். பொட்டாசியமும் பொஸ்பரசும் ஒக்சலேட்டும் இதில் கணிசமாக இருக்கின்றன. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் சில நாள் உப்பும். இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கிக் கூட்டினால் அந்தத் தொல்லை வராது. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமையும் வரும். வாய் அரித்தாலோ தோல் தடித்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

வைத்துக்கொள்ளும் விதம்

மலையில் எதையும் கெடுப்பது ஈரம். பிரித்த பக்கெட்டை நூல் கட்டி வைத்தால் இரண்டு வாரத்தில் கினோவா பொதுபொதுத்துப் பூஞ்சை வாடை அடிக்கத் தொடங்கும். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் கொட்டி இறுக மூடி, அடுப்பின் ஆவி படாத, சுவரின் ஈரம் ஏறாத தட்டில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது.

அவித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பை அவித்து வைத்துவிட்டால், புதன் வரை காலை ரொட்டிக்கும் உப்புமாவுக்கும் அள்ளிப் போட வசதியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், வெளியே குளிராக இருக்கிறதே என்று சட்டியில் மறுநாள் வரை விட்டுவிடாதீர்கள், புளித்துவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் அவியுங்கள். இரண்டு பேருக்கு ரொட்டி சுட, கழுவிய கினோவா கால் கோப்பை போதும்.